இறுதியடியின் சொல்

ஏலக்கூடத்தில் அன்று மீன் ஏலம் இல்லை. தரையைக் கழுவிவிட்டு, நடுவில் வட்ட மேசையைப் போட்டு, அதன்மேல் நீலத் துணி விரித்திருந்தார்கள். துணியின் மேல் ஒரு சாண் நீளத்தில் ஆறு மர வள்ளங்கள் நின்றன. மூன்று சங்குமுனைக்கு, மூன்று பனையடித்துறைக்கு. நடுவே கறுப்பு மையில் வரைந்திருந்த திட்டுதான் கன்னிப்பார். கடலுக்கடியில் இருக்கும் அந்தப் பாறைத்திட்டில்தான் மீனும் சங்கும் செழிக்கும். இரண்டு ஊரும் ஒரு தலைமுறையாக அதற்காக அடித்துக்கொண்டிருந்தன. இன்று சாயங்காலத்துக்குள் அது யாருக்கு என்று முடிவாகிவிடும்.

சலேத் நெற்றிப்பட்டைகளைத் துடைத்து நாற்காலிகளுக்கு முன்னால் வைத்துக்கொண்டிருந்தாள். விளையாடுகிறவர்கள் ஆறு பேர், ஆட்டத்தைச் சொல்லி நடத்தும் உரையாளரான அவள் ஒருத்தி. ஆளுக்கு ஒரு பட்டை. ஒவ்வொரு பட்டையின் நடுவிலும் மூக்குத்தி அளவில் ஒரு விளக்கு இருந்தது.

"டீச்சர், உள்ள வரலாமா?"

உரையாளர் வேலைக்கு வருமுன் சலேத் அரசுப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். கரையோரத்து ஊர்களுக்கு அவள் இன்னும் டீச்சர்தான். வாசலில் நின்றவள் அவளிடம் படித்த அமலி. சங்குமுனைக்காக இன்று மேசையில் உட்காரப்போகும் தொம்மையின் மனைவி.

"நீ இப்ப என்கிட்டப் பேசக்கூடாதும்மா."

"தெரியும் டீச்சர். வேதமுத்து அண்ணன்கிட்ட கேட்டுட்டேன். அவர் காதுபடப் பேசுனா தப்பில்லைன்னாரு."

சுவரோரம் பெரிய இரும்புப் பெட்டிக்குப் பின்னால் குனிந்திருந்த வேதமுத்து தலையை நிமிர்த்தி, சரி என்பதுபோல் கையைக் காட்டினார். அந்தப் பெட்டிக்குக் கணக்கன் என்று பெயர். பகடையின் எண்ணைப் படிப்பதும், காயத்தை எண்ணுவதும், அடி செல்லுமா செல்லாதா என்று சொல்வதும் அதன் வேலை. அதைப் பார்த்துக்கொள்வதும் மேசைக்குச் சாட்சியாக இருப்பதும் வேதமுத்துவின் வேலை.

அமலி நாற்காலியில் உட்காரவில்லை. "சந்தியாகு மாமாவைச் சமீபத்தில பாத்தீங்களா டீச்சர்?"

சலேத் துணியை மடித்தாள்.

"மேசை ஆட்டத்துல அவரு மூழ்கிச் செத்து மூணு வருசம் ஆவுது. உடம்புல ஒரு கீறல் கிடையாது. டாக்டரு, நீரு கல்லு மாதிரி இருக்கீருன்னு சொல்லிட்டாரு. ஆனா மனுசன் மூஞ்சி கழுவ மாட்டேங்காரு. அத்தைதான் ஈரத்துணியால துடைச்சுவிடுதாங்க. மழை பெஞ்சா கட்டிலுக்கு அடியில போயிருதாரு. எங்க வீட்டுக்காரரு சங்கு குளிக்கிறவரு டீச்சர். அவரு தண்ணிக்குள்ள இறங்குனாத்தான் எங்க வீட்டுல அடுப்பு. அவருக்கும் அப்படி ஆயிட்டா நான் என்ன செய்வேன்?" அமலி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "அடி விழுந்தா கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"மெதுவாச் சொன்னா கணக்கன் ஒத்துக்கிடாது அமலி. பகடை நாலுன்னு சொன்னா, நான் நாலுக்கு உண்டான காயத்தைச் சொல்லணும். நான் சொல்லுதது எல்லாப் பட்டைக்கும் போகும். அடிபட்டவரு உடம்பு அதைத் தனக்குன்னு எடுத்துக்கிடும். கணக்கன் பலகையில வலி நாலைத் தொட்டாத்தான் அடி செல்லும். தொட்டதும் பட்டை அணைஞ்சிரும். அதுக்குக் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. என் கையில இருக்கறது வார்த்தை மட்டும்தான்."

"எதுக்கு டீச்சர் இந்த வலி? பகடையில நம்பர் விழுந்தாப் போதாதா? ஜெயிச்சவன் ஜெயிச்சான்னு எந்திரிச்சுப் போக வேண்டியதுதானே?"

"முதல்ல அப்படித்தான் வச்சாங்க. வெறும் நம்பர். தோத்த ஊர்க்காரன், இதெல்லாம் ஒரு தோல்வியான்னு கேட்டுட்டு அன்னைக்கே அருவாளை எடுத்தான். பெறவு கதையாச் சொல்லிப் பாத்தாங்க. நம்பரைக் கேக்காதவன் கதையைக் கேட்டான், ஆனா வீட்டுக்குப் போனதும் மறந்துட்டான். வலிக்கலைன்னா யாரும் நம்ப மாட்டேங்காங்கன்னு பெரிய இடத்தில முடிவு பண்ணி, இந்தப் பட்டையைக் கொண்டாந்தாங்க. அதுக்குப் பெறவு இந்தக் கரையில ஒரு கொலை விழல. அதையும் பாக்கணும்ல."

"கொலை விழலதான்," என்றாள் அமலி. "சந்தியாகு மாமா உசுரோடதான் இருக்காரு."

வேதமுத்து எதையோ திருகிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். பிறகு மறுபடியும் திருகினார்.

"பத்து விழுந்தா என்ன டீச்சர்?"

"பத்துன்னா இறுதியடி. அதை நான் சொல்ல மாட்டேன். அடிச்சவங்கதான் சொல்லணும். மேசையோட வழக்கம் அது. ஒருத்தனைக் கொன்னா, எப்படிக் கொன்னேன்னு கொன்னவன் வாயாலயே சொல்லட்டும், அப்ப கொஞ்சம் தயங்குவான்னு நெனைச்சு வச்சாங்க." சலேத் கடைசிப் பட்டையை அதன் இடத்தில் வைத்தாள். "இதுவரைக்கும் யாரும் தயங்கல."

"எதிர்ப்பக்கம் எஸ்தாக்கி மாமி உக்காருதாங்களாம். அவங்க மகன் ஜெரால்டு மேல குண்டு எறிஞ்சது எங்க ஊர்க்காரங்க. இத்தனை வருசமா அவங்க ஊர்ல அவங்களை மேசைக்கு விடல. இந்தத் தடவை சண்டை போட்டு வாங்கியிருக்காங்க."

சலேத் ஒரு பட்டையின் வாரை நேராக்கினாள்.

"அவருக்காக ஒரு அருள்நிறை மந்திரமாவது சொல்லுங்க டீச்சர்."

"சொல்லுதேன். ஆறு பேருக்கும் சொல்லுதேன்."

*

ஆட்டம் தொடங்கியபோது ஏலக்கூடத்தின் கம்பி வேலிக்கு அப்பால் இரண்டு ஊரும் நின்றன. நடுவில் போலீஸ்காரர்கள் கயிறு கட்டியிருந்தார்கள். உள்ளே சங்குமுனைக்குத் தொம்மை, கஸ்பார், கஸ்பாரின் மைத்துனர். கஸ்பார் பெருத்த உடம்பும் பெருத்த குரலும் உடைய விசைப்படகுக்காரர். எதிரே பனையடித்துறைக்கு எஸ்தாக்கி, ராயப்பன், ராயப்பனின் பங்காளி ஒருவர். சலேத் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு பட்டையைக் கட்டினாள். மற்றவர்களும் கட்டினார்கள்.

ராயப்பன் முதலில் பேசினார். "காத்து மேக்க இருந்து கச்சானா அடிக்குது. நான் பாய்மரத்து உச்சியில ஏறி..."

"காத்து என்ன காத்துன்னு நான்தான் சொல்லணும் ராயப்பண்ணே. காத்து, அலை, நீரோட்டம், யாரு எங்க நிக்காங்க, இதெல்லாம் என் பங்கு. நீங்க என்ன செய்யுதீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"சரி டீச்சர். என்ன காத்து?"

"வாடை. பலமான வாடை."

ராயப்பன் சற்று யோசித்தார். "அப்ப ஏறல."

இரண்டு பக்கமும் சிரித்தன. கஸ்பாருக்குச் சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. அவர் முறை வந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நான் நங்கூரத்தைச் சுழட்டி எறியுதேன். அது ராயப்பன் வள்ளத்து முன்பக்க அணியத்தைக் கவ்வுது. ஒரே இழுப்பு. ரெண்டு வள்ளமும் முட்டுது. முட்டுன கையோட அவன் மேல குதிச்சு, அவன் வேட்டியை உருவி அவன் மூஞ்சியிலேயே கட்டி..."

"நங்கூரம் எத்தனை கிலோ கஸ்பாரண்ணே?"

"இருக்கும் ஒரு இருபது."

"அதைச் சுழட்டிக்கிட்டே வேட்டியை எந்தக் கையால உருவுனீங்க?"

"ஏன், எனக்கு வாய் இல்லையா?"

வேலிக்கு வெளியே கூடச் சிரிப்புக் கேட்டது. சலேத்தும் சிரித்துவிட்டுச் சொன்னாள்: "நங்கூரத்துக்காக, சொல்லுக்கு ஒன்னு தாரேன். வேட்டிக்கு எதுவும் கிடையாது."

நன்றாகச் சொன்னால் பகடையோடு ஒன்று கூட்டலாம். அதற்குமேல் கூட்ட உரையாளருக்கு அதிகாரம் இல்லை. அப்படி ஒரு வரம்பு இல்லாவிட்டால் பேச்சு வந்த ஊருக்கே எல்லாப் பாரும் போய்விடும், வாய் வராதவன் வலையைச் சுருட்டிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டியதுதான். ஒன்றுகூட இல்லாவிட்டாலோ, மேசை வெறும் சூதாட்டமாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்தக் குறுகிய இடத்தில்தான் சலேத்தின் தொழில்.

கஸ்பார் பகடையை உருட்டினார். கணக்கனின் பலகையில் மூன்று என்று வந்தது. சலேத் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நங்கூரம் அணியத்தில சிக்குது. கயிறு விறைக்குது. ராயப்பண்ணே, உங்க இடது கை கயிறுக்கும் மரத்துக்கும் நடுவில மாட்டிக்கிட்டுது. நடுவிரல் நகம் மெல்லப் பேந்து வருது."

ராயப்பனின் நெற்றியில் விளக்கு எரிந்தது. அவர் கையை மார்போடு அணைத்துக்கொண்டு பல்லைக் கடித்தார். மேசையில் யாரும் அப்போது சிரிக்கவில்லை, யாரும் அவரைப் பார்க்கவும் இல்லை. பிறர் வலியின்போது வேறு பக்கம் பார்ப்பது மேசைக்கு வருகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் மரியாதை. தொம்மை மர வள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சலேத் பலகையைப் பார்த்தாள். பலகை மூன்றைத் தொட்டது, விளக்கு அணைந்தது, ஆட்டம் தொடர்ந்தது.

எஸ்தாக்கி மட்டும் முதலிலிருந்தே அதிகம் பேசவில்லை. ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சேலை, கழுத்தில் ஜெபமாலை. தன் முறை வரும்போதெல்லாம், "அடிக்கேன்," என்று சொல்லிப் பகடையை உருட்டினாள்.

"எப்படி அடிக்கிறீங்கன்னு சொன்னா ஒன்னு கூடும் எஸ்தாக்கி," என்றாள் சலேத்.

"வேண்டாம் டீச்சர். பகடை போதும்."

வெயில் உச்சிக்கு வந்தபோது இரண்டு பக்கமும் சமமாக நின்றன. எஸ்தாக்கி தொம்மையின் வள்ளத்தைக் காட்டி, "இவனை அடிக்கேன்," என்றாள். பகடை துணியில் உருண்டு, கன்னிப்பாரின் மேல் போய் நின்றது. இருபது முகங்களில் பத்து என்று பொறித்திருந்த ஒரே முகம்.

கணக்கன் ஒரு மணியடித்தது. பலகையில் பத்து.

வேலிக்கு வெளியே பனையடித்துறைக்காரர்கள் கத்தியதும், அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண் குரல், "சேசுவே," என்றதும் சலேத்துக்குக் கேட்டது. அது அமலியின் குரல்.

*

விதியைச் சலேத் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள். "இறுதியடி. அடியைச் சொல்லும் உரிமை எஸ்தாக்கிக்கு. மூன்று முறை சொல்லலாம். அதில் ஒரு முறையாவது பலகை பத்தைத் தொட்டால் கன்னிப்பார் பனையடித்துறைக்கு. மூன்று முறையும் தொடாவிட்டால் அடி செல்லாது. கன்னிப்பார் சங்குமுனைக்கு."

தொம்மை நிமிர்ந்து உட்கார்ந்தான். முப்பது வயதைக் கடந்தவன், அகன்ற மார்பு. கடலுக்கடியில் மூச்சை அடக்கி அடக்கி விரிந்த மார்பு அது.

எஸ்தாக்கி கேட்டாள்: "ஜெரால்டை உனக்குத் தெரியுமாடே?"

"தெரியும் மாமி. பள்ளிக்கூடத்தில எனக்கு ரெண்டு வகுப்பு கீழ. நல்லாப் பந்தடிப்பான்."

"அவன் மேல குண்டு விழுந்தப்ப நீ எங்க இருந்த?"

"வீட்ல. எங்கய்யா உள்ள தள்ளிக் கதவைப் பூட்டிட்டாரு."

"நானும்தான்," என்றாள் எஸ்தாக்கி. "நானும் கதவைப் பூட்டிக்கிட்டுத்தான் உள்ள இருந்தேன். வெளிய கிடந்தது எம்பிள்ளைன்னு விடிஞ்ச பெறவுதான் தெரிஞ்சுது."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். அதுவரை ஒற்றை வார்த்தையில் பேசியவளிடமிருந்து அப்படி வார்த்தைகள் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"எங்கையில மண்டா இருக்கு. திருக்கையைக் குத்துத ஈட்டி. உன் வலது விலாவில குத்துதேன். எலும்புல இடிச்சு, வழுக்கி, உள்ள போகுது. நீ கத்தணும்னு வாயைத் திறக்க. சத்தம் வரல. வள்ளத்தை விட்டு மல்லாக்க விழுத. தண்ணி. மூச்சை இழுக்க. காத்து வரல, உப்புத்தண்ணி வருது. அது நெஞ்சுக்குள்ள போயி கல்லு மாதிரி உக்காருது. மேல வெளிச்சம் தெரியுது. அதுக்குப் போகணும்னு காலை உதைக்க. மண்டா விட மாட்டேங்கு."

தொம்மையின் விளக்கு மேசை முழுவதும் வெளிச்சம் தெறிக்க எரிந்தது. மற்ற ஆறும் இருட்டாகவே இருந்தன. பலகை மூன்றாகி, ஐந்தாகி, ஏழானது. அவன் வாய் திறந்து திறந்து மூடியது. உதடுகள் நீலம் பாய்ந்தன. அவனுடைய வலது கை மட்டும் துணியின் மேல் அங்குமிங்கும் அலைந்தது. ஒரு மர வள்ளத்தைத் தட்டிவிட்டது, பகடையைத் தொட்டது, அதைப் பிடிக்காமல் விட்டது, மறுபடியும் அலைந்தது.

எஸ்தாக்கி கண்ணைத் திறந்தாள். அந்தக் கையைப் பார்த்தாள். பேச்சு நின்றுவிட்டது.

"சொல்லுங்கக்கா," என்றார் ராயப்பன். "இன்னும் மூணுதான். பார் நமக்கு."

"அவன் கை என்னத்தைத் தேடுது?"

ராயப்பனும் அந்தக் கையைப் பார்த்தார்.

"ஆளைத் தேடுது," என்றாள் எஸ்தாக்கி, தனக்குத்தானே சொல்வதுபோல. "பிடிச்சுக்கிட ஆளைத் தேடுது."

அவள் மேலே சொல்லவில்லை. பலகை ஏழிலிருந்து மெல்ல இறங்கிச் சைபரில் நின்றது. முதல் முறை முடிந்தது.

தொம்மை மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டு, இரைக்க இரைக்க மூச்சு வாங்கினான். சலேத் எழுந்து ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து அவன் அருகே வைத்தாள். அவன் தலையைத் தூக்கித் தம்ளரைப் பார்த்தான். பார்த்ததும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். சலேத் அந்தத் தம்ளரை எடுத்து, அவன் கண்ணில் படாத இடத்தில் வைத்தாள். ஏழுக்கே இப்படி என்றால் பத்துக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்தது. மேசையில் எல்லோருக்கும் தெரிந்தது.

இரண்டாவது முறை எஸ்தாக்கி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "குத்துனேன். விழுந்தான். செத்துட்டான்."

பலகை இரண்டு வரை போய்விட்டு இறங்கியது.

"அக்கா, என்ன செய்யுதீங்க?" ராயப்பன் வேலிப்பக்கம் கையைக் காட்டினார். "வெளிய பாருங்க. நம்ம பிள்ளைகளெல்லாம் நிக்கு. இந்தப் பார் போனா அதுக எங்க போய் வலை போடும்? ஒருத்தனுக்காக ஊரைக் கைவிடுவீங்களா?"

"எனக்குத் தெரியாதால?" என்றாள் அவள். பிறகு சலேத்தின் பக்கம் திரும்பினாள். "டீச்சர், வலி இல்லாம பத்து வராதா?"

"வராது."

"இவன் இதுக்குமேல தாங்க மாட்டான்."

"தெரியுது."

"அப்ப நான் என்ன செய்யட்டும்? சொல்லுங்க. நீங்க படிச்சவங்க."

சலேத் யோசனை சொல்லக் கூடாது. ஒரு பக்கத்துக்கு ஒரு சொல் எடுத்துக்கொடுத்தாலும் மேசை கலைந்துவிடும். கலைந்தால் வேலிக்கு வெளியே கயிறு எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அவள் தன் பங்கு எது என்று யோசித்தாள். காற்று, அலை, நீரோட்டம், யார் எங்கே நிற்கிறார்கள் என்பது. அதற்குமேல் ஒன்றுமில்லை. மாதாவே, அவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"வேதமுத்து அண்ணே," என்றாள். "மூணாவது தடவைக்கு முன்ன கடல் எப்படி இருக்குன்னு நான் சொல்லலாமா?"

வேதமுத்து கணக்கனின் மேல் கையை வைத்தார். "அது உங்க பங்குதானே டீச்சர். அடியைத் தொடாம சொல்லுங்க."

சலேத் சொன்னாள்: "வாடை நின்னுட்டுது. கடல் எண்ணெய் ஊத்துன மாதிரி கிடக்கு. நீரோட்டம் ஆறு வள்ளத்தையும் மெல்ல மெல்லக் கொண்டாந்து ஒன்னோட ஒன்னு சேத்துட்டுது. விளிம்பு விளிம்போட உரசுது. ஒரு வள்ளத்துல இருந்து இன்னொன்னுக்குக் காலைத் தூக்கி வச்சாப் போதும். இங்க யாரும் யாருக்கும் தூரம் இல்ல." அவள் மர வள்ளங்களை ஒவ்வொன்றாக நகர்த்தி ஒட்டிவைத்தாள். கவிழ்ந்து கிடந்ததையும் நிமிர்த்தினாள். "எஸ்தாக்கி, இப்ப நீங்க எங்க இருக்கீங்கன்னு சொல்லுங்க."

எஸ்தாக்கி ஒட்டிநின்ற வள்ளங்களைப் பார்த்தாள். வெளியே சத்தம் ஓய்ந்திருந்தது.

"அவன் வள்ளத்துல," என்றாள். "அவன் தலையை மடியில எடுத்து வச்சிருக்கேன்."

அவள் கை மேசையின் மேல் வந்தது. தொம்மையின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. அதைத் தடுக்க விதி எதுவும் இல்லை. அப்படி யாரும் செய்ததில்லை என்பதால் யாருக்கும் அதைத் தடுக்கத் தோன்றியதில்லை.

"மண்டா விலாவில இருக்கு. நான்தான் குத்துனேன். அதை உருவக்கூடாது, உருவுனா ரத்தம் நிக்காது. சுத்தி என் சேலையை வச்சு அழுத்திக்கிட்டிருக்கேன். கை பூரா சூடாயிருக்கு. ராயப்பா, காலைப் பிடிலே. குளிருதுங்கான் பாரு. நல்லாத் தேச்சு விடு. கஸ்பாரு, நீ அந்தப் பக்கம் வா. அவன் மூஞ்சியில வெயில் அடிக்கு, மறைச்சுக்கிட்டு நில்லு."

எஸ்தாக்கியின் விளக்கு எரியத் தொடங்கியிருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை.

"பயப்படாதடே. நான் இருக்கேன். கதவைத் திறந்துக்கிட்டு வந்துட்டேன் மக்கா. நேரமாயிட்டுது, ஆனா வந்துட்டேன். மண்ணுல தலையை வைக்காத, என் மடியில வை. தண்ணி கேக்கான், யாராவது உதட்டை நனைச்சு விடுங்க. மெதுவா. ஆமா. நெஞ்சு ஏறி இறங்குதது என் கைக்குத் தெரியுது. இப்ப கொஞ்சம் மெதுவா. இன்னும் மெதுவா."

ராயப்பனின் விளக்கு எரிந்தது. அவருடைய பங்காளியுடையதும் எரிந்தது. கஸ்பார் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். அவர் நெற்றியிலும் வெளிச்சம், அவர் மைத்துனர் நெற்றியிலும் வெளிச்சம். சலேத் தன் உள்ளங்கைகளை உணர்ந்தாள். அவை ஈரமாகவும் சூடாகவும் இருந்தன. விலாவுக்குக் கீழே ஏதோ பற்றி இழுத்தது. அவள் பலகையைப் பார்க்க மறந்திருந்தாள்.

"நின்னுட்டுது," என்றாள் எஸ்தாக்கி. "கண்ணை நான்தான் மூடுதேன்."

மணி அடித்தது. "பத்து," என்றது கணக்கன், எப்போதும்போல எந்த உணர்ச்சியும் இல்லாமல். "அடி செல்லும்."

பட்டைகள் அணையும் நேரத்தில் எல்லோரும் ஒரு விஷயத்தைக் கண்டார்கள். எஸ்தாக்கியின் விளக்குதான் எல்லாவற்றையும் விட அதிகமாக எரிந்திருந்தது. தொம்மையுடையது மங்கிய மெழுகுவர்த்தி போலத்தான் இருந்தது. அவன் சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

கஸ்பாரின் மைத்துனர் அவர் காதருகே குனிந்தார். ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. "மச்சான், ஆட்சேபணை சொல்லும். அடி இவன் மேல. வலி இவனுக்கு வரல. செல்லாதுன்னு சொல்லும். பார் நமக்குத்தான்."

கஸ்பார் பாதி எழுந்தார். ஆட்சேபணை சொல்ல அவருக்கு உரிமை உண்டு. சொன்னால் மேலிடம்வரை போகும், அநேகமாகச் செல்லவும் செய்யும். அவர் பட்டையைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தார். தொம்மையைப் பார்த்தார். எஸ்தாக்கி இன்னும் அவன் கையை விட்டிருக்கவில்லை.

"வலி வரலைன்னு எப்படிலே சொல்லுவேன்?" என்றார் கஸ்பார். "எனக்கு வந்துச்சே." பிறகு சலேத்திடம் சொன்னார்: "ஏத்துக்கிடுதோம் டீச்சர்."

அவரே வேலியருகே போய்த் தன் ஊரிடம் சொன்னார். "தோத்துட்டோம். நான் கூடத்தான் இருந்தேன். முறையாத்தான் நடந்துது. வீட்டுக்குப் போங்க." அவர்கள் அவருடைய முகத்தைப் பார்த்தார்கள். ஒவ்வொருவராகக் கரைப்பக்கம் திரும்பினார்கள்.

எஸ்தாக்கி மெல்லக் கையை எடுத்தாள். "வலிச்சுதாடே?"

"வலிச்சுது மாமி," என்றான் தொம்மை. அவன் சொல்லைத் தேடினான். "ஆனா ஆள் இருந்துச்சு."

*

சங்குமுனைக்காரர்கள் வள்ளங்களில் வந்திருந்தார்கள். திரும்பிப் போகவும் கடல்வழிதான். வள்ளங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன.

சலேத் ஏலக்கூடத்தின் பின்வாசலில் நின்று பார்த்தாள். தொம்மை கரையில் ஈரமணல் தொடங்கும் இடம்வரை வந்து நின்றுவிட்டான். அமலி பக்கத்தில் நின்றாள். அவனை இழுக்கவும் இல்லை, பேசவும் இல்லை. ஒரு அலை வந்து அவன் பாதத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்று திரும்பியது. அடுத்தது கணுக்கால்வரை வந்தது. அவன் உடம்பு விறைத்ததை அவ்வளவு தூரத்திலிருந்தும் சலேத்தால் காண முடிந்தது. மூன்றாவது அலைக்கு அவன் குனிந்து, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டான். பிறகு நடந்தான். வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து ஏறி, அமலிக்குக் கை கொடுத்தான்.

சலேத் உள்ளே வந்தாள். வேதமுத்து கணக்கனின் கம்பிகளைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இது எப்படிப் பத்துன்னு சொல்லிச்சு? தொம்மைக்கு மூணு கூட இருந்திருக்காதே. எந்திரத்தில ஏதும் பழுதா?"

"பழுதெல்லாம் இல்ல டீச்சர். ஏழு பட்டையையும் கூட்டித்தான் பலகையில போடும். செஞ்சவங்க அப்படித்தான் செஞ்சு வச்சிருக்காங்க. ஏன்னு எனக்கும் தெரியாது."

"இன்னைக்கு மட்டுமா?"

"முதல் மேசையில இருந்தே."

"அப்படின்னா இத்தனை வருசமா பலகையில வந்தது அடிபட்டவரோட வலி மட்டும் இல்லையா?"

"அது மட்டும்தான் டீச்சர். மத்த பட்டையில ஒன்னும் இருக்காது. அதுகளைக் கூட்டுனா சைபர்தான் வரும்."

வெளியே வள்ளங்களின் மோட்டார்ச் சத்தம் ஒவ்வொன்றாகக் கிளம்பித் தூரத்தில் தேய்ந்தது.

"என்னுதும் சைபர்தானா அண்ணே?"

வேதமுத்து கம்பியைச் சுருட்டி முடித்து, முனையை உள்ளே செருகினார். இரக்கமுள்ள மனிதர்.

"இன்னைக்கு இல்ல டீச்சர்," என்றார்.